ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதலை நேரில் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ராக்கெட் ஏவுதலைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்தவர்கள்கூட, அதை நேரில் காணும்போது முதலில் வியப்பது அது எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதைப் பற்றித்தான். தரையை விட்டுக் கிளம்பியது முதல் புள்ளியாகி மறைவது வரை, வானம் தெளிவாக இருக்கும் நாளிலும், இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் கிடைப்பதில்லை. மேகம் தாழ்ந்திருந்தால் அதுவும் சில விநாடிகளாகச் சுருங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு முழு நாளை, சில சமயம் இரண்டு நாட்களைச் செலவிட வேண்டியிருக்கிறது. எனவே எப்படிப் போவது, எங்கே பதிவு செய்வது என்ற விவரங்களோடு, எந்த விநாடியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கும் இவ்வழிகாட்டியில் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

போகும் இடம்

சதீஷ் தவான் விண்வெளி மையம் ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில், வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவில் அமைந்துள்ளது. 1969இல் இத்தீவு தேர்வு செய்யப்பட்டது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி வகையைச் சேர்ந்த சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்று இங்கிருந்து முதன்முதலாக ஏவப்பட்டது. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த, செயற்கைக்கோளை ஏவும் எஸ்எல்வி-3 ராக்கெட், 1979 ஆகஸ்டில் தோல்வியுற்று, 1980 ஜூலை 18 அன்று வெற்றி பெற்றதும் இதே மண்ணில்தான். இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான் மறைந்த 2002ஆம் ஆண்டில் மையத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. ஆனாலும் சூலூர்பேட்டையில் வழி கேட்கும்போது பழைய பெயரான 'ஷார்' என்று சொன்னால் போதும், எல்லாருக்கும் விளங்கும்.

இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தை அறிந்துகொண்டால், ஏவுதலின்போது எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டா அமைந்துள்ள அட்சரேகையில் அந்தச் சுழற்சி வேகம் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர். கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுக்கு இந்த வேகம் செலவில்லாமல் கிடைக்கிறது. கழன்று விழும் பாகங்கள் மனிதர் வாழும் நிலத்தில் விழாமல் கடலில் விழுவதற்கும் கிழக்கே திறந்த கடல் தேவைப்படுகிறது. பூமியின் இரு துருவங்களுக்கும் மேலாகச் செல்லும் துருவச் சுற்றுப்பாதைக்குத் தெற்கு நோக்கிச் செல்லவேண்டிய ராக்கெட்டுக்கோ நேர்வழியில் இலங்கை குறுக்கிடுகிறது. அதனால் அது முதலில் தென்கிழக்காகச் சென்று, பின்னர் வளைந்து தெற்கே திரும்புகிறது. இந்த வளைவில் எரிபொருள் வீணாவதைத் தவிர்ப்பதற்காகவே, சிறிய ராக்கெட்டுகளுக்கென்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டப்படுகிறது. அதற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

எந்த ஏவுதலுக்குச் செல்வது

இஸ்ரோ ஒவ்வோர் ஆண்டும் சில ஏவுதல்களை மட்டுமே நடத்துகிறது. உறுதியான நாளும் நேரமும் பெரும்பாலும் ஓரிரு வாரங்களுக்கு முன்புதான் அறிவிக்கப்படும். அதன் பிறகும் அவை மாறலாம். ஆகவே இரண்டு மாதத்துக்கு முன்பே பயணச்சீட்டு எடுத்துவிட்டு அந்த நாளில் ஏவுதல் நடக்க வேண்டும் என்று காத்திருப்பது வீண். விடுமுறையை முன்பின் நகர்த்திக்கொள்ளக்கூடியவர்களுக்கே இது எளிது.

இங்கிருந்து செல்லும் ராக்கெட்டுகளில் நான்கு வகைகளை அறிந்திருக்க வேண்டும். எஸ்எஸ்எல்வி 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் உள்ள சிறிய ராக்கெட். பிஎஸ்எல்வி 44 மீட்டர் உயரமுடையது. கூடுதல் உந்துவிசை தரும் பெரிய பக்கவாட்டு பூஸ்டர்கள் ஆறையும் பொருத்திய எக்ஸ்எல் வடிவத்தில் அதன் எடை 320 டன். ஜிஎஸ்எல்வி சுமார் 52 மீட்டர் உயரமும் 420 டன் எடையும் கொண்டது. எல்விஎம்-3 உயரத்தில் பிஎஸ்எல்வியை ஒட்டியே நின்றாலும், எடையில் 640 டன், அதாவது அதைப் போல இரண்டு மடங்கு. முதல் முறையாகச் செல்பவர் எல்விஎம்-3 ஏவுதலைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் ஒளியிலும் ஒலியிலும் மற்றவை அதற்கு ஈடாகா. சந்திரயான்-3 விண்கலத்தை 2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2.35 மணிக்குக் கொண்டு சென்றது அதுவே.

ஏவும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். பகலில் புகைத்தடம் நன்றாகத் தெரியும். இரவில் தீப்பிழம்பு கடலையும் மேகத்தையும் சில விநாடிகள் பகலாக்கிவிடும். இரண்டையும் விட அழகானது, சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்போ மறைந்த சற்று நேரத்திலோ நிகழும் ஏவுதல். தரை இருட்டில் இருக்கும்போதே மேலே ஏறிய புகை வெயிலில் ஒளிர்வதைக் காணலாம். ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலான ஜிஎஸ்எல்வி-எஃப்15, 2025 ஜனவரி 29 அன்று காலை 6.23 மணிக்கு, அத்தகைய நேரத்தில்தான் புறப்பட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது செல்பவர்கள் மேகத்துக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

பார்வையாளர் மாடத்துக்குப் பதிவு செய்தல்

பொதுமக்கள் அமர்ந்து பார்ப்பதற்கென்று 5000 பேர் அமரக்கூடிய திறந்தவெளி மாடம் ஒன்று கட்டப்பட்டு, 2019 ஏப்ரல் 1 அன்று நடந்த பிஎஸ்எல்வி-சி45 ஏவுதலின்போது முதன்முறையாக மக்கள் அதிலிருந்து பார்த்தனர். விளையாட்டரங்கின் படிக்கட்டுகளைப் போல அமைந்த அந்த மாடத்திலிருந்து ஏவுதளங்களின் திசை மறைவின்றித் தெரியும்; அருகே பெரிய திரைகளில் கட்டுப்பாட்டு அறையின் ஒளிபரப்பும் வர்ணனையும் ஓடும்.

இடம் பெறுவதற்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்; கட்டணம் கிடையாது. ஏவும் நாள் அறிவிக்கப்பட்டதும், பதிவு எப்போது தொடங்கும் என்ற அறிவிப்பை இஸ்ரோ தன் இணையதளத்திலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் வெளியிடும். நிலவுப் பயணம் போன்ற புகழ்பெற்ற ஏவுதல்களுக்கு இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுவதால், குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பெயர், வயது, அடையாள அட்டை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எளிதில் பார்க்கும்படி எழுதி வைத்துக்கொண்டு, பதிவு தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்பே கணினியின் முன் அமர்வது நல்லது. பதிவுக்குப் பயன்படுத்திய அதே அடையாள அட்டையின் அசலை எடுத்துச் செல்ல வேண்டும். நான் ஒரு முறை ஆதார் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, கையில் ஓட்டுநர் உரிமத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டேன்; கும்மிடிப்பூண்டி வரை போய் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எந்தெந்தப் பொருட்களை உள்ளே கொண்டு செல்லலாம் என்பது அனுமதிச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும்; அதை முந்தைய இரவே படித்துவிடுங்கள். சில ஏவுதல்களுக்கு மாடம் திறக்கப்படாமலும் போகலாம். கொரோனா காலத்தில் அப்படித்தான் மூடியிருந்தது.

சென்று சேர்தல்

சென்னையிலிருந்து செல்பவர்களுக்கு நுழைவாயில் சூலூர்பேட்டைதான். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி, தடா வழியாகச் செல்லும் பயணிகள் மின்ரயில்கள் அங்கே நிற்கின்றன; சாலை வழியே செல்பவர்கள் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சேரலாம். சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குச் செல்ல இன்னும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவு உண்டு. எல்லைப் பகுதி என்பதால் தெலுங்கு தெரியாதவர்களும் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். ஊரில் உள்ள செங்காளம்மன் கோயிலுக்கு ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து வழிபட்டுச் செல்வது வழக்கம். நேரம் இருந்தால் நீங்களும் எட்டிப் பார்க்கலாம்.

அந்த இருபது கிலோமீட்டர் சாலை ஏரியின் நடுவே போடப்பட்டது. இருபுறமும் நீரும் சேறும் உப்புப் பூத்த மணலும் மாறி மாறி வரும். பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இங்கே இரை தேடுவதை வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். அருகிலுள்ள நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. ஏவுதல் தள்ளிப்போனால் வீணாகும் நாளைப் பயனுள்ளதாக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஏவுதல் நாட்களில் இச்சாலையில் வண்டிகள் வரிசையில் நிற்கும் என்பதால், குறிப்பிட்ட நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது சூலூர்பேட்டையைத் தாண்டிவிடும்படி திட்டமிடுங்கள்.

அருங்காட்சியகமும் ராக்கெட் பூங்காவும்

பார்வையாளர்களுக்கான வளாகத்தில் விண்வெளி அருங்காட்சியகமும் ராக்கெட் மாதிரிகள் நிற்கும் பூங்காவும் உள்ளன. பெரும்பாலானோர் இவற்றை ஏவுதலுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பின்னர் கூட்டமும் வீடு திரும்பும் அவசரமும் சேர்ந்து அதற்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது. இவற்றை முதலில் பார்ப்பதுதான் சரியான முறை, ஏனென்றால் மாதிரியில் அருகில் நின்று பார்த்த பாகங்களையே சிறிது நேரத்தில் தொலைவில் நெருப்பாகப் பார்க்கப் போகிறீர்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். பள்ளிக் குழுவாகச் செல்பவர்கள் முன் அனுமதி பெற வேண்டும்.

பிஎஸ்எல்வியின் மாதிரியில் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள மெல்லிய குழாய்களை எண்ணிப் பாருங்கள். அவை பக்கவாட்டு பூஸ்டர்கள். செயற்கைக்கோளின் எடைக்கேற்ப இரண்டு, நான்கு அல்லது ஆறு பொருத்துவார்கள். சில சமயம் ஒன்றும் இல்லாமலேயே அனுப்புவார்கள். ஆறு இருக்கும்போது நான்கு தரையிலேயே பற்றவைக்கப்படும். மீதி இரண்டு, புறப்பட்டு ஏறத்தாழ 25 விநாடிகள் கழித்து வானத்தில் பற்றிக்கொள்ளும். நடுவில் உள்ள முதல் கட்டம், அதாவது முதலில் எரிந்து கழன்று விழும் பகுதி, திட எரிபொருளால் ஆனது, 2.8 மீட்டர் விட்டமுடையது.

ஜிஎஸ்எல்வியில் நடுக்கட்டம் அதே திட எரிபொருள் கட்டம்தான் என்றாலும், அதைச் சுற்றியுள்ள நான்கு பூஸ்டர்களும் விகாஸ் என்ஜின் பொருத்திய திரவ எரிபொருள் பூஸ்டர்கள். அவை நடுக்கட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து விநாடிகள் முன்பே பற்றவைக்கப்படும். எல்விஎம்-3இல் இதற்கு நேர்மாறு: 3.2 மீட்டர் விட்டமுள்ள இரண்டு பெரிய திட எரிபொருள் பூஸ்டர்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன் எரிபொருளோடு, ராக்கெட்டைத் தனியாகவே தூக்கிச் செல்கின்றன. நடுவில் உள்ள திரவக் கட்டம் இரண்டு நிமிடம் நெருங்கும்போது வானத்தில்தான் உயிர் பெறுகிறது. மாதிரியின் அருகே நின்று, தரையில் எரிவது எது, வானத்தில் எரிவது எது என்று குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தால், பலரும் நடுக்கட்டத்தையே முதலில் காட்டுவார்கள்.

செயற்கைக்கோள் மாதிரிகளைப் பார்க்கும்போது பொன்னிறத் தாள் போர்த்தியது போன்ற உறையைக் கவனியுங்கள். அது அலங்காரம் அன்று. வெயில்பட்ட பக்கம் கொதிக்கவும் நிழல் பக்கம் உறையவும் விடாமல் காக்கும் பல அடுக்குப் போர்வை.

மாடத்தில் காத்திருக்கும் நேரம்

திறந்தவெளி என்பதால் தொப்பி, குடிநீர், சிறு தொலைநோக்கி ஆகியவை உதவும். தொலைநோக்கியைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்பாமல் குழந்தைகளைக் கண்காணித்துக்கொள்ளுங்கள். முதலில் ஏவுதளத்தின் திசையை உறுதிசெய்துகொண்டு, இடிதாங்கிக் கோபுரங்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ராக்கெட்டை நேராகத் தேடுவதை விட அந்த உயர்ந்த கோபுரங்களைக் கண்டுபிடிப்பது எளிது.

கவுன்ட்டவுன் நின்றுவிட்டால் எழுந்து போய்விடாதீர்கள். 2023 அக்டோபர் 21 அன்று மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் முதல் சோதனை ராக்கெட் புறப்பட ஐந்து விநாடிகள் இருந்தபோது கணினி அதைத் தானாகவே நிறுத்தியது. கோளாறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டு, அன்று காலை பத்து மணிக்கே அது வெற்றிகரமாகப் பறந்தது. மாறாக, 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது கடிகாரம் நின்றது. அது ஒரு வாரம் கழித்து ஜூலை 22 அன்றுதான் சென்றது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது அறிவிப்பு ஒன்றே. 'ஏவுதல் ஒத்திவைப்பு' என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொல்லும் வரை இருக்கையில் இருங்கள்.

அந்த இரண்டு நிமிடங்கள்

கடைசி ஒரு நிமிடத்தில் செல்போனைப் பையில் வைத்துவிடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். இஸ்ரோவின் கேமராக்கள் உங்களுடையதை விட நன்றாகவே படமெடுக்கின்றன. அவற்றால் பதிவு செய்ய இயலாதது நீங்கள் நிற்கும் இடத்தில் நிகழ்வது மட்டுமே.

முதலில் ஒளி வரும். மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளை வெடிப்பு, அதைத் தொடர்ந்து இருபுறமும் பொங்கிப் பரவும் புகை. அப்போது எந்தச் சத்தமும் இருக்காது. கூட்டம் கூச்சலிடும், ஆனால் ராக்கெட் ஊமையாக எழும். அந்த வெடிப்பைக் கண்ட கணமே மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வருவதால், ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி என்று கொள்ளலாம். சத்தம் காதை எட்டும்போது வந்திருக்கும் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது தெரிந்துவிடும். வந்து சேரும் சத்தமும் நாம் எதிர்பார்க்கும் ஒரே சீரான முழக்கமாக இருப்பதில்லை. மிக நீண்ட பட்டாசுச் சரம் ஒன்று தொலைவில் வெடித்துக்கொண்டே இருப்பதைப் போன்ற படபடப்பு அது, காதை விட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் உணரப்படும். சட்டைத் துணி உடம்போடு சேர்ந்து அதிர்வதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

அடர்ந்த வெண்புகை திட எரிபொருளின் அடையாளம். அதில் கலந்துள்ள அலுமினியத் தூள் எரிந்து நுண்துகள்களாக வெளிவருவதே அந்த வெண்மை. திரவக் கட்டம் மட்டும் எரியும்போது ஏறக்குறைய புகையே இருக்காது. எல்விஎம்-3 ஏவுதலில் இரண்டு நிமிடம் கடந்ததும் தடித்த புகைத்தடம் ஓரிடத்தில் வெட்டினாற்போல் முடிந்து, அதற்கு மேல் சிறிய ஒளிப்புள்ளி மட்டும் நகர்ந்து செல்வதைக் கண்டால், பூஸ்டர்கள் கழன்றுவிட்டன என்று பக்கத்தில் இருப்பவரிடம் நீங்களே சொல்லலாம். பிறகு அந்தப் புகைத்தடத்தையும் சற்று நேரம் பாருங்கள். ஒவ்வோர் உயரத்திலும் காற்று வெவ்வேறு திசையில் வீசுவதால், நேராக நின்ற தூண் சில நிமிடங்களில் கோணல்மாணலாக முறுக்கிக்கொள்ளும்.

அனுமதிச் சீட்டு கிடைக்காதவர்களுக்கு

மாடத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஏரியின் தென்முனையில், திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டுக் கடற்கரையிலிருந்து ஏவுதளம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ராக்கெட் எழுவது அங்கிருந்து தெளிவாகத் தெரியும். சத்தம் மட்டும் ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாகத் தாமதித்து, மெல்லிய உறுமலாக வரும். ஏவுதல் நாட்களில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று இங்குள்ள மீனவர்களுக்கு அறிவிக்கப்படுவதால், வாடிக்கையாகக் கடலில் இருக்கும் படகுகளைக் கரையில் காணலாம். முன்னதாகச் சென்றால் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து பார்ப்பவர்கள் வடக்கே மறைப்பில்லாத மொட்டைமாடியில் நிற்க வேண்டும். பூமியின் வளைவும் கட்டடங்களும் மறைப்பதால், தொலைக்காட்சியில் புறப்பட்டுவிட்டது என்று கேட்ட சிறிது நேரம் கழித்தே அடிவானத்துக்கு மேல் ஒளிப்புள்ளி தோன்றும். இரவு ஏவுதலுக்கு மட்டுமே இந்த முறையைப் பரிந்துரைப்பேன்.

கண்ணுக்கு மறைந்த பிறகு

ராக்கெட் மறைந்ததும் மாடம் காலியாகத் தொடங்கும். உடனே எழ வேண்டாம். செயற்கைக்கோள் பிரிவது பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடங்களுக்குப் பின்னரே நிகழ்கிறது, ஏவுதல் வெற்றியா என்பதும் அப்போதுதான் தெரியும். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்10 எந்தக் குறையும் இன்றி எழுந்து சென்றது. மேல்நிலையில் இருந்த, மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் என்ஜின் பற்றாததால் செயற்கைக்கோள் கடலோடு போயிற்று. திரையில் ஓடும் வரைபடத்தில், ராக்கெட் செல்லவேண்டிய பாதையின் கோட்டின் மீதே அது உண்மையில் செல்லும் பாதையின் கோடும் படிந்து செல்கிறதா என்று பாருங்கள். இரண்டும் விலகத் தொடங்கினால், வர்ணனையாளர் வாய் திறப்பதற்கு முன்பே உங்களுக்குச் செய்தி தெரிந்துவிடும். செயற்கைக்கோள் பிரிந்ததும் கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து கைகுலுக்குவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், ஏரிச்சாலையில் முதல் வரிசை வண்டிகளின் நெரிசலும் சற்றுத் தணிந்திருக்கும்.